வெட்டுவதா, மாற்றுவதா? லயக் கூரைகளுக்கு ஏற்ற கூரைச்சாளர நிரல்கள்

கட்டட வடிவமைப்பு மென்பொருள்களில் கூரைச் சாளரம் என்பது நூலகத்திலிருந்து எடுத்து வைக்கும் ஒரு பொருள். கூரையின் மேல் சொடுக்கினால் துளை விழும். துளைக்குள் சட்டமும் கண்ணாடியும் போய் உட்காரும். அகலம், நீளம், கண்ணாடி வகை, திறக்கும் முறை என்று சில எண்களை வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஓட்டு வீட்டுக்கும் நகரத்துக் கொங்கிரீட் கூரைக்கும் இது போதும். இலங்கை மலையகத்தில் தலவாக்கலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடு ஒன்றை அளந்து, அதே மென்பொருளில் வரைந்து, அதே பொருளைத் தகரக் கூரைமேல் வைத்துப் பார்த்தால் எதுவும் பொருந்துவதில்லை. பொருளின் சட்டம் கூரை ஒரு சாண் தடிப்பாக இருக்குமென்று எண்ணிச் செய்யப்பட்டது. தகரமோ ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. பொருளின் அகலம் 780 மில்லிமீற்றர் என்று தொழிற்சாலைக் கணக்கில் நிற்கிறது. தகரத்தின் நெளிகள் வேறு கணக்கில் ஓடுகின்றன.

இந்த இடத்தில்தான் தனக்கென ஒரு பொருளை நிரலாக எழுதிக்கொள்ளும் தேவை வருகிறது. அதற்கு இன்று கையில் இருக்கும் வழிகள் எவை, ஒவ்வொன்றும் கூரைத் திறப்பை எப்படிப் புரிந்துகொள்கிறது, மலையகத் தோட்டக் குடியிருப்புக்கு எது பயன்படும் என்பவற்றை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. மென்பொருள்கள் எல்லாம் கூரையில் வெளிச்சம் என்றால் ‘வெட்டு’ என்று தொடங்குகின்றன. நம் பக்கத்துக் கூரைகளில் வெளிச்சம் வந்ததோ பெரும்பாலும் ‘மாற்று’ முறையில். நிரல் எழுதுகிறவர் முதலில் தீர்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். கண்ணாடியின் அழகு அதற்குப் பிறகு வருகிற சங்கதி.

லயத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்?

பழைய லயக் காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் அளவு. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களில் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். இரு பக்கச் சுவர்களுக்கு அப்பாலும் குடும்பங்கள். ஆக, நான்கு சுவரில் மூன்று வெளியைப் பார்ப்பதே இல்லை. மிஞ்சிய ஒன்றிலும் கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று. அவற்றுக்கு முன்னால் தாழ இறங்கும் இஸ்தோப்புக் கூரை. பல இடங்களில் இஸ்தோப்பையே அடைத்துக் குசினியாக்கி விட்டதால் அந்த வெளிச்சமும் புகைக்குள் கரைகிறது. சுவரில் புதிய ஜன்னல் போட இடமே இல்லாத வீட்டுக்கு மிச்சமிருக்கும் வெளிப்புறம் கூரை ஒன்றுதான்.

வானமும் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. பக்கத்துச் சென்கூம்ஸ் தோட்டத்தில், 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் மேடு அதைவிட உயரம். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் நாட்கணக்காக மேகம் கலையாது. மேகம் மூடிய வானத்தில் எல்லாத் திசையும் ஒரே பிரகாசமாக இருப்பதில்லை. 1942இல் மூன், ஸ்பென்சர் என்ற இருவர் முன்வைத்து, பின்னர் அனைத்துலக ஒளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட மாதிரியின்படி, உச்சி வானம் அடிவானத்தைவிட மூன்று மடங்கு பிரகாசமானது. அதே மாதிரியில், முன்னால் மரமோ மலையோ இல்லாத நிமிர்ந்த ஜன்னலுக்குக் கிடைப்பது, திறந்த தரையில் விழும் வெளிச்சத்தில் 40 வீதத்துக்கும் சற்றுக் குறைவு. முன்னால் ஒரு தேயிலை மலைச்சரிவு எழுந்து நின்றால் அதுவும் பாதியாகும். வானத்தை நோக்கிய கூரைத் திறப்புக்கு இந்த இழப்பு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டடி அறை, சராசரி உயரம் 2.7 மீற்றர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த உட்பரப்பு சுமார் 58 சதுர மீற்றர். அவை ஒளியில் 40 வீதத்தைத் திருப்பி வீசுகின்றன என்று வைப்போம். கூரையில் ஒரு சதுர மீற்றர் ஒளி ஊடுருவும் தகடு, அது 60 வீதம் ஒளியை விடுகிறது, அழுக்கும் புகையும் அதில் 30 வீதத்தைக் கழிக்கின்றன. சராசரிப் பகல் ஒளிக் காரணிக்கான வழக்கமான சூத்திரத்தில் இட்டால் விடை 1.4 வீதம் அளவில் வரும். வெளியே 10,000 லக்ஸ் இருக்கும் மந்தமான பகலில் உள்ளே 140 லக்ஸ். பிரித்தானியத் தரநூல் ஒன்று வாழறைக்கு 1.5, படுக்கையறைக்கு 1, சமையலறைக்கு 2 வீதம் என்று கேட்டிருந்தது. ஒரே தகடு அந்த வரம்பின் வாசலுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

சூரியனின் பாதையும் கணக்கில் வேண்டும். தலவாக்கலை வட அகலாங்கு 7 பாகைக்குச் சற்றுக் கீழே. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஜூனில் உச்சியிலிருந்து 16 பாகைக்கு மேல் வடக்கே சாயும், டிசம்பரில் 30 பாகை தெற்கே. ஆகவே வடக்குப் பார்த்த கூரைச் சரிவு நேர்வெயில் படாதது என்ற ஐரோப்பியப் பாடம் இங்கே செல்லாது. வடசரிவில் வெயில் நேராக விழும் மாதங்களை மழைமேகம் மறைக்கிறது. தென்சரிவில் விழும் ஜனவரி, பெப்ரவரியில் வானம் துலக்கமாக இருக்கும், இரவில் குளிர் கடுமையாக இறங்கும். லயங்கள் திசை பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல, மலையின் மட்டத்தைப் பார்த்துக் கட்டப்பட்டவை என்பதால் ஒரே தோட்டத்தில் பத்து லயம் பத்துத் திசையில் திரும்பியிருக்கும். திசையை வாசிக்காத நிரல் இங்கே அரைகுறை நிரல்தான்.

இரண்டு மரபுகள்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஓட்டு வீடுகளில் கண்ணாடி ஓடு பழகிய பொருள். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, இயந்திரத்தில் அழுத்திய ஓடு தென்னாசியாவெங்கும் பரவியது. ஒரே அச்சில் வரும் ஓடுகளால் ஒரு வசதி உண்டானது. அதே வடிவில் கண்ணாடியை வார்த்தால், ஒரு மண் ஓட்டை உருவிவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி ஓட்டைச் செருகிவிடலாம். துளை போடத் தேவையில்லை, சட்டம் தேவையில்லை, தண்ணீர் முன்பு போன வழியிலேயே போகும். தகரக் கூரையிலும் இதே வேலைதான் நடக்கிறது. நெளித்தகரத்தின் அதே நெளியில் வார்த்த கண்ணாடியிழைத் தகடோ பொலிகாபனேற்றுத் தகடோ ஒரு தகரத்தின் இடத்தில் போடப்படுகிறது. இது மாற்று மரபு.

வெட்டு மரபின் ஆகப் பிரபலமான முகம் டென்மார்க்கில் 1941இல் வில்லும் கான் ராஸ்முசன் தொடங்கிய வெலக்ஸ் நிறுவனம். பரணை வீடாக்குவதற்குச் சரிவுக் கூரையில் துளை வெட்டி, சட்டம் பொருத்தி, நான்கு பக்கமும் உலோகத் தகட்டை மடித்து நீரைத் திருப்பிவிடும் முறை அது. மென்பொருள் நூலகங்களில் இருக்கும் பெரும்பாலான கூரைச் சாளரங்கள் இந்த வழிவந்தவை. ஏழைகளின் வெட்டு மரபு ஒன்றும் உண்டு. 2002இல் பிரேசிலில் அல்பிரெடோ மோசர் என்ற பொறிமுறைத் தொழிலாளி, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தலைத் தகரக் கூரையின் துளையில் செருகி வெளிச்சம் எடுத்தார். 2011இலிருந்து பிலிப்பைன்ஸில் அது ஓர் இயக்கமாகவே பரவியது. அதில் முழு வடிவமைப்பும் ஒரே எண்ணில் அடங்கும்: போத்தலின் விட்டம். ஆனால் துளை என்ற ஒன்று வந்துவிட்டால் அதன் ஓரத்தை அடைக்கும் பிசினின் ஆயுளே கூரையின் ஆயுளாகி விடுகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது வெறும் வகைப்பாட்டுக்காக அல்ல. திறப்புக்கு மேலே நான்கு மீற்றர் சரிவு இருக்கிறது, திறப்பின் அகலம் 60 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். மணிக்கு 100 மில்லிமீற்றர் வீதத்தில் மழை கொட்டினால் அந்தப் பட்டையில் மட்டும் நிமிடத்துக்கு நான்கு லீற்றர் தண்ணீர் இறங்கி வரும். வெட்டு முறையில் இந்த நான்கு லீற்றரையும் திறப்பின் மேல்விளிம்பில் தடுத்து இரு பக்கமும் திருப்ப வேண்டும். மாற்று முறையில் அது தகட்டின் மேலேயே வழிந்து போய்விடும்.

மென்பொருள்கள் துளையை எப்படிப் பார்க்கின்றன?

வடிவமைப்புப் பொருளை நிரலாக எழுதும் வழக்கம் புதிதல்ல. ஆட்டோகேட்டில் ஆட்டோலிஸ்ப் மொழி 1986இலேயே வந்துவிட்டது. ஆனால் அது எழுதியவை கோடுகள். துளை என்பது வரைபவரின் மனத்தில் மட்டும் இருந்தது. துளையை உண்மையான துளையாக வைத்துக்கொள்ளும் கருவிகள் பிறகு வந்தன. அவற்றை நான்கு வழிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது ஆர்க்கிகேட்டின் வழி. ஹங்கேரியின் கிராபிசொஃப்ட் நிறுவனத்தின் இந்த மென்பொருளில் ஜீடிஎல் என்ற மொழி இருக்கிறது. பேசிக் மொழியின் சாயலில் எழுதப்படுவதால் கற்பது எளிது. ஒரு பொருளுக்குத் தனித்தனி ஏடுகள்: தளப்படத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு ஒன்று, முப்பரிமாண உடலுக்கு ஒன்று, பயனர் மாற்றக்கூடிய எண்களின் விதிகளுக்கு ஒன்று. இந்த மூன்றாவதுதான் லயக் கூரைக்கு மிகவும் உதவும். அகலம் இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை, இந்தப் படியில் மட்டும் ஏறலாம் என்று அங்கே கட்டிவைக்க முடியும். படியை ஒரு நெளியின் அகலமாக வைத்துவிட்டால், நெளியின் நடுவில் வெட்டும் சாளரத்தை யாராலும் வைக்க முடியாது. ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலைக் கழிக்கும் கட்டளைகளும் உண்டு. பலவீனம், ஜீடிஎல் பொருள் ஆர்க்கிகேட்டுக்கு வெளியே வாழாது என்பது.

இரண்டாவது ரெவிட். 2002இல் ஓட்டோடெஸ்க் இதை வாங்கியது. இங்கே பொருள் ‘குடும்பம்’ என்று அழைக்கப்படும். பெரும்பாலும் நிரல் இல்லாமல், வரைந்தும் சூத்திரம் எழுதியும் செய்யப்படும். கூரையைத் தாங்கியாகக் கொள்ளும் வார்ப்புருவைத் திறந்து, ஒரு வெற்றுடலை வரைந்து, அது தாங்கியை வெட்டும்படி செய்தால் துளை கிடைக்கும். நிரலால் செய்ய வேண்டுமானால் டைனமோ அல்லது நேரடி நிரல் இடைமுகம். அங்கே திறப்பை உண்டாக்கும் கட்டளை மூன்று விடயங்களைக் கேட்கும்: எந்தக் கூரை, எந்தச் சுற்றுக்கோடு, துளை கூரையின் முகத்துக்குச் செங்குத்தா இல்லையா. மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரியும். 25 பாகைச் சரிவில் 200 மில்லிமீற்றர் தடிப்புக் கூரையை முகத்துக்குச் செங்குத்தாக வெட்டுவதற்கும் நிலத்துக்குச் செங்குத்தாக வெட்டுவதற்கும் உள்புறத்தில் 93 மில்லிமீற்றர் வேறுபாடு. வெறும் தகரத்தில் அது கண்ணுக்கே தெரியாது. தகரத்துக்குக் கீழே 600 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு உட்கூரை அடித்திருந்தால் வேறுபாடு 280 மில்லிமீற்றராகிவிடும். வெளிச்சம் விழுமிடமே நகர்ந்துவிடும்.

மூன்றாவது வழி, கட்டுப்பாடு குறைந்த வடிவவியல் கருவிகள். ஸ்கெச்சப்பில் ரூபி மொழியால் ஒரு கூறுக்குத் ‘தான் ஒட்டும் முகத்தை வெட்டு’ என்று சொல்லலாம். ஆனால் அது ஒரு முகத்தை மட்டுமே வெட்டும். தடிப்புள்ள கூரையின் அடிமுகம் மூடியே கிடக்கும். வேடிக்கையாக, ஒற்றைத் தகரமாக வரைந்த லயக் கூரைக்கு இந்தக் குறை குறையே அல்ல. ரைனோ என்ற மென்பொருளுக்காக டேவிட் ருட்டன் 2007இல் உருவாக்கிய கிராஸ்ஹாப்பர் வேறு வகை. கூரை அங்கே ஒரே பரப்பாக இருக்க வேண்டியதில்லை. தகடுகளின் பட்டியலாக இருக்கலாம். பட்டியலில் ஏழாவது தகட்டை எடுத்துவிட்டு ஒளித் தகட்டை வை என்பது ஒரே இணைப்பு. லேடிபக் என்ற செருகுநிரலை இணைத்தால் அதே இடத்தில் வானத்தையும் வெயிலையும் கணக்கிடலாம். பின்னால் இருந்து ஒளிக்கணக்கைச் செய்யும் ரேடியன்ஸ், கிரெக் வார்டு எழுதியது, துறையில் நீண்டகாலமாக நம்பப்படுவது.

நான்காவது, திறந்த மூலக் கருவிகள். ஃப்ரீகேட்டில் பைதான் மொழியால் சாளரத்தை எழுதலாம். துளையின் உடலைத் தனியாகக் கொடுக்கவும் முடியும். பிளெண்டரின் மேல் இயங்கும் பொன்சாய், ஐஎஃப்சி என்ற பொதுக் கோப்பு வடிவத்தையே தன் தாய்மொழியாகக் கொண்டது. உரிமக் கட்டணம் இல்லை என்பது அட்டன், நுவரெலியா பக்கத்தில் தொழில்நுட்பக் கல்லூரி மாணவருக்கும் தனியாக வரைபடம் போட்டுப் பிழைக்கும் படவரைஞருக்கும் முதல் தகுதி.

ஐஎஃப்சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2013இல் அனைத்துலகத் தரமாக, ஐஎஸ்ஓ 16739 என்ற எண்ணில் ஏற்கப்பட்ட இந்த வடிவம், துளையை ஒரு தனிப் பொருளாகவே பதிவு செய்கிறது. கூரைத் தட்டை வெறுமையாக்கும் உறவு ஒன்று. அந்த வெறுமையைச் சாளரம் நிரப்பும் உறவு இன்னொன்று. சாளர வகைகளில் கூரைச் சாளரத்துக்கென்றே ஒரு பெயரும் உண்டு. துளை வேறு, அதை நிரப்புவது வேறு என்ற இந்தத் தெளிவு வெட்டு மரபின் உச்சம். ஆனால் கூரை என்ற தொகுப்புப் பொருளுக்குப் பெரும்பாலும் சொந்த உடல் இருக்காது. உள்ளே இருக்கும் தட்டுக்கே உடல். துளையைத் தொகுப்பில் பதிவு செய்து, சாளரம் இருந்தும் வெளிச்சம் வராத மாதிரியைப் பெற்றவர்கள் பலர்.

மாற்று மரபுக்கு மென்பொருளில் இடம் உண்டா?

உண்டு, ஆனால் கூரைச் சாளரம் என்ற பெயரில் இல்லை. ரெவிட்டில் ‘சரிவுக் கண்ணாடிப் பரப்பு’ என்ற கூரை வகை இருக்கிறது. அது கூரையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பலகையை வைக்கும். எல்லாப் பலகையையும் தகரமாக்கி, வேண்டிய ஒன்றை மட்டும் ஒளித் தகடாக்கினால் மாற்று முறை தயார். ஆர்க்கிகேட்டில் திரைச்சுவர்க் கருவியை இதே வேலைக்கு வளைக்கலாம். ஐஎஃப்சியில் கூரைப் போர்வை என்று ஒரு வகை உண்டு. ஒவ்வொரு தகட்டையும் அந்த வகையில் ஒரு பொருளாக எழுதி, ஒன்றின் மூலப்பொருளை மட்டும் மாற்றலாம். துளையும் தேவையில்லை, நிரப்பும் உறவும் தேவையில்லை.

கட்டங்களாகப் பிரிக்கும் இந்தக் கருவிகளில் ஒரு குறை பொதுவாக இருக்கிறது. பலகைகள் பக்கத்தில் பக்கத்தில் முட்டி நிற்குமே தவிர, ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. தகரக் கூரையின் உயிரே அந்த ஏற்றத்தில்தான். பக்கவாட்டில் ஒன்றரை நெளி, மேல்கீழாக ஒரு சாண் அளவு என்று தகடுகள் மேவ வேண்டும். ஒளித் தகடு மேல் தகட்டுக்கு அடியிலும் கீழ்த் தகட்டுக்கு மேலும் போக வேண்டும். இந்த வரிசை மாறினால் முதல் மழையிலேயே வீடு நனையும். மேவும் வரிசையை மாதிரியில் சரியாக வைப்பதற்காகவே தனி நிரல் எழுத வேண்டியிருக்கிறது. தனிப்பயன் பொருளுக்கான உண்மையான நியாயம் இதுதான்.

லய நிரலில் என்னென்ன இருக்க வேண்டும்?

நூலகப் பொருளின் எண்பட்டியல் அகலம், நீளம், கண்ணாடி என்று தொடங்குகிறது. லயத்துக்கான பட்டியல் கூரையிலிருந்து தொடங்க வேண்டும். நெளியின் அகலம் முதலில்: வழக்கமான தகரத்தில் மூன்று அங்குலம், அதாவது 76 மில்லிமீற்றர். ஆனால் பழைய தகரமும் புதிய தகரமும் ஒரே கூரையில் கலந்திருக்கும் என்பதால் இதை எழுதிவைத்த மாறிலியாக்காமல் அளந்து இடும் எண்ணாக விட வேண்டும். அடுத்தது குறுக்குச் சட்டங்களின் இடைவெளி. ஒளித் தகட்டின் மேல்முனையும் கீழ்முனையும் சட்டத்தின்மேல்தான் படிய வேண்டும். நீளத்தைப் பயனரிடம் கேட்காமல், எந்தச் சட்டத்திலிருந்து எந்தச் சட்டம் வரை என்று கேட்டு, நிரலே நீளத்தைக் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது சரிவு. தளப்படத்தில் 1.2 மீற்றர் என்று அளந்த நீளம் 20 பாகைச் சரிவில் ஏறத்தாழ 1.28 மீற்றர். வித்தியாசம் 77 மில்லிமீற்றர். மேவு தூரத்தில் மூன்றில் ஒரு பங்கே போய்விடும். தளப்பட நீளத்தைக் கடையில் சொல்லித் தகடு வாங்கினால் நடக்கும் பிழை இதுதான். நிரல் இரண்டு நீளத்தையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

நான்காவது, தகட்டின் வகை. கூரை அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடாக இருந்தால் வெட்டுத் தேர்வையே நிரல் பூட்டிவிட வேண்டும். வெட்டினாலும் துளைத்தாலும் நுரையீரலைக் கெடுக்கும் இழைகள் பறக்கும். அங்கே முழுத் தகட்டையும் உடைக்காமல் கழற்றி மாற்றுவது ஒன்றே வழி. இந்த ஒரு விதி மட்டும் ஒரு நிரலை எழுதுவதற்குப் போதிய காரணம்.

ஐந்தாவது, விளிம்புகள். பருவக்காற்று கூரையை மேலே இழுப்பது முகட்டிலும் ஓரங்களிலும் மூலைகளிலும் அதிகம். தோட்டங்களில் தகரத்தின்மேல் கல்லும் மணல்மூட்டையும் ஏற்றி வைத்திருப்பதன் காரணம் அதுவே. ஒளித் தகட்டை அந்த ஓரப் பட்டைகளில் வைக்க நிரல் இடம் கொடுக்கக் கூடாது. பக்கத்துக் காம்பராவோடு பகிரும் சுவருக்கு மேலும் கூடாது. நீண்ட லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல வீடுகள் இருக்கின்றன; ஒரு வீட்டில் பிடித்த தீ கூரை வழியாக வரிசையெங்கும் ஓடிய சம்பவங்கள் மலையகத்தில் திரும்பத் திரும்ப நடப்பவை. பிளாஸ்டிக் தகடு அந்த ஓட்டத்துக்கு உதவக் கூடாது.

ஆறாவது புகை. விறகடுப்பு எரியும் வீட்டில் ஒளித் தகட்டின் உட்புறம் சில மாதத்தில் பழுப்பேறும். மேலே போட்ட கணக்கில் அழுக்குக்குக் கழித்த 30 வீதம் அங்கே 50 ஆகலாம், 1.4 வீதம் ஒரு வீதமாக இறங்கும். ஆகவே குசினிக்கு மேலே வரும் திறப்பு வெளிச்சத்துக்கு மட்டும் என்றிருக்கக் கூடாது. தகட்டை ஒரு கை உயரம் தூக்கி, பக்கங்களில் சாய்வுப் பலகைகளால் காற்றுவழி விட்ட ஒரு மேற்கூரையாக அது மாற வேண்டும். இந்த இடத்தில் வெட்டு மரபு திரும்ப வருகிறது. துளைக்குச் சுற்றுச்சட்டமும் மேல்பக்கம் நீரைப் பிரித்துவிடும் சிறு முகடும் கட்டாயம். நிரலில் இதைத் தனித் தேர்வாக வைத்து, தேர்ந்தெடுத்தால் நீர்ப்பிரிவும் தானாகவே வரும்படி செய்ய வேண்டும். அதை நீக்கும் பொத்தான் இருக்கவே கூடாது.

ஏழாவது குளிர். ஜனவரி இரவில் வெளியே குளிர்ந்த தகட்டின் உட்புறத்தில் அடுப்பின் ஈரமும் மூச்சின் ஈரமும் நீர்த்துளியாகப் படியும். சரிவு குறைவாக இருந்தால் அது வழியாமல் படுக்கையில் சொட்டும். மழையே இல்லாத மாதத்தில் கூரை ஒழுகுகிறது என்று வரும் முறைப்பாடுகளில் சிலவற்றுக்குக் காரணம் இது. இரட்டைத் தகடு, அல்லது கீழ்முனையில் துளிகளை ஏந்தி வெளியே விடும் மடிப்பு என்று இரண்டில் ஒன்றைக் கேட்கும் எண் பட்டியலில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஆள் பாதுகாப்பு. ஒளித் தகடு ஆளைத் தாங்காது. அழுக்கேறிய பிறகு மேலிருந்து பார்த்தால் அது தகரம் போலவே இருக்கும். கூரையில் ஏறிப் பழுது பார்க்கிறவர் மிதித்தால் நேரே கீழேதான். அடியில் ஒரு கம்பிவலையை இயல்பு நிலையிலேயே வரையும் நிரல் ஒரு காலை, ஓர் உயிரைக் காக்கும்.

எதிர்வாதங்கள்

ஒரு தகடு மாற்றுவதற்கு இவ்வளவு நிரலா என்று கேட்கலாம். ஒரு வீட்டுக்கு இல்லைதான். தோட்டத்துத் தச்சுப் பாஸ் ஏணி வைத்து ஏறி அரை நாளில் முடித்துவிடுவார். ஆனால் லயங்கள் ஒன்றொன்றாக வருவதில்லை. ஒரு தோட்டத்தின் எல்லா லயங்களுக்கும் கூரை மாற்றும் திட்டம் போடும்போது, எத்தனை தகடு, எந்தச் சரிவில், எந்தத் திசையில், மொத்தம் எவ்வளவு செலவு என்ற கேள்விகள் வருகின்றன. அப்போது நிரல் எழுதிய பொருள் ஒரு மாலையில் தரும் பட்டியலைக் கையால் எடுக்க வாரக்கணக்கு ஆகும்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. லயத்தைத் திருத்துவது லயத்தை நிலைக்க வைப்பதாகாதா? மக்கள் கேட்பது தனிவீடும் காணியுமே. இந்திய உதவித் திட்டத்தில் கட்டப்பட்ட 550 சதுர அடி வீடுகளும், ஏழு பேர்ச்சஸ் காணி என்ற கோரிக்கையும் அந்தத் திசையைக் காட்டுகின்றன. இந்த வாதத்தை மறுக்க முடியாது. ஆனால் தனிவீட்டுக்கும் கூரை உண்டு, சமையலறை உண்டு, மலைச்சரிவில் வெட்டிய மண்மேட்டை ஒட்டிய இருண்ட பின்சுவர் உண்டு. லயத்துக்காக எழுதிய நிரலில், பகிரும் சுவரைத் தவிர்க்கும் விதியை விட்டால், சுவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை; கூரைப் போர்வையைப் பற்றித்தான் எல்லாம். அது புது வீட்டுக்கும் அப்படியே போகும். வீடு வரும்வரை காத்திருக்கும் குடும்பம் இருட்டில் காத்திருக்க வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை.

மூன்றாவது, அதிகாரம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. லயத்தில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தவருக்கும் கூரை சொந்தமில்லை. ஒரு தகடு மாற்றவும் தோட்டத்தை நடத்தும் துரையின் சம்மதம் வேண்டும். இங்கே மாற்று முறைக்கு இன்னொரு பலம் கிடைக்கிறது. துளை வெட்டினால் கட்டடம் மாறுகிறது. தகடு மாற்றினால் பராமரிப்பு நடக்கிறது. கழற்றிய தகரத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். அனுமதி கேட்கும் கடிதத்தில் இந்த வேறுபாடு பெறுமதியானது.

எந்தக் கருவியை எடுப்பது?

ஒரே ஒரு பரிந்துரை சொல்ல வேண்டுமானால்: வடிவத்தைக் கிராஸ்ஹாப்பரில் அல்லது பைதானில் தகடுகளின் பட்டியலாக எழுதி, ஐஎஃப்சியில் கூரைப் போர்வைப் பொருள்களாக வெளியிடுவது. ஆர்க்கிகேட் வைத்திருப்பவருக்கு ஜீடிஎல் இன்னும் நல்ல வழி; எண்களுக்கு விதி கட்டுவதில் அதற்கு ஈடு குறைவு. ரெவிட்காரர் சரிவுக் கண்ணாடிப் பரப்பிலிருந்து தொடங்கி, மேவு தூரத்தைப் பலகைக் குடும்பத்துக்குள் சேர்க்கலாம். எதை எடுத்தாலும் நிரலைத் திறந்து வைக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் அளந்த நெளியும் சட்ட இடைவெளியும் அடுத்த தோட்டத்தின் தொடக்கப் புள்ளியாகும்.

நிரல் நன்றாக இருக்கிறதா என்பதைத் திரையில் தெரியும் படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. அது அச்சிட்டுத் தரும் ஒற்றைத் தாளை வைத்து முடிவு செய்ய வேண்டும். அந்தத் தாளில் அடி அங்குலத்தில் அளவு இருக்க வேண்டும். எந்தச் சட்டத்திலிருந்து எந்தச் சட்டம், எத்தனை நெளி, எத்தனை கொக்கி ஆணி, எந்தத் தகடு எதன்மேல் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்க வேண்டும். கணினியைத் தொடாத பாஸ் ஒருவர் அதை வாசித்து, மறுகேள்வி கேட்காமல் ஏணியில் ஏறினால், நிரலாளர் தன் வேலையை முடித்துவிட்டார்.